வெள்ளை வானில் ஏற்றிய ஆளை எங்கே தேடுவது? லண்டன் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"வெள்ளை வானோ தம்பி?"

கிழக்கு லண்டனில் ஒரு நீதவான் நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டு ஓர் அம்மா என்னைக் கேட்டார். காலை ஒன்பதரை மணி. முதல்நாள் இரவு மகனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்தால், "இங்கே இல்லை, வானில் ஏற்றி அனுப்பியாயிற்று" என்றார்களாம். அதற்கு மேல் அவருடைய ஆங்கிலம் ஓடவில்லை. இலங்கையில் ஆட்களைக் கடத்திக் காணாமல் ஆக்கியது வெள்ளை வான்; எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

"வெள்ளைதான் அம்மா" என்றேன். "ஆனால் யார் ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு, எங்கே இறக்கினார்கள் என்று இதற்கு ஒரு பதிவு இருக்கும்."

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். நான் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறவன். நீதவான் சொன்னதைச் சொல்லலாம், சட்டத்தரணி சொன்னதைச் சொல்லலாம். "அம்மா, இப்போது இதைச் செய்யுங்கள்" என்று ஆலோசனை சொல்ல அனுமதி இல்லை. வாசலில் விழுங்கிக்கொண்டதையெல்லாம் வீட்டில் இருந்து எழுதுகிறேன். ஆட்களின் விபரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் இருப்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தின் ஏற்பாடு வேறு.

வான் யாருடையது?

பொலிசுடையது அல்ல. சிறைச்சாலையுடையதும் அல்ல. ஒரு கம்பனியுடையது.

1991 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், கைதிகளைக் கொண்டுபோகும் வேலையையும் நீதிமன்றத்தில் அவர்களைக் காவலில் வைத்திருக்கும் வேலையையும் தனியாருக்குக் கொடுக்க வழிவிட்டது. முதல் ஒப்பந்தம் 1993 இல் குரூப் 4 என்ற கம்பனிக்குப் போனது. கிழக்கு மிட்லண்ட்ஸ், ஹம்பர்சைட் பகுதிகள். தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே கைதிகள் ஒருவர் பின் ஒருவராகத் தப்பி ஓட, பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. அந்தப் பகிடி பல வருடம் அந்தக் கம்பனியை விட்டுப் போகவில்லை. ஆனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது. 2020 ஓகஸ்டில் தொடங்கிய பத்து வருட ஒப்பந்தங்களின்படி லண்டன் உட்பட தென்பகுதி செர்கோவிடம். வடபகுதி, மிட்லண்ட்ஸ், வேல்ஸ் ஜியோஏமியிடம்.

வானில் வருகிறவர்களும் நீதிமன்றத்தின் கீழ்த்தளச் செல்களில் நிற்பவர்களும் கூண்டுக்குள் உங்கள் ஆளுக்குப் பக்கத்தில் இருப்பவரும் இந்தக் கம்பனியின் ஊழியர்களே. பார்த்தால் பொலிஸ் மாதிரி இருக்கும். ஆனால் கைதிக் காவல் அதிகாரி என்று அமைச்சு கொடுத்த சான்றிதழோடு வேலை செய்கிற தனியார் ஊழியர்கள். சோதனை போடவும், தப்பி ஓடாமல் தடுக்கவும், அதற்கு வேண்டிய அளவு பலம் பிரயோகிக்கவும் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வழக்கைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களிடம் மன்றாடிப் பயனும் இல்லை, அவர்களோடு சண்டை பிடித்துப் பயனும் இல்லை.

இது ஏன் முக்கியம்? பொலிஸ் நிலையத்தின் பின்கதவிலிருந்து சிறைச்சாலையின் வாசல்வரை உள்ள நேரத்தில் உங்கள் ஆள் கம்பனியின் கையில். பொலிசைக் கேட்டால் "எங்களிடம் இல்லை". சிறையைக் கேட்டால் "இன்னும் வரவில்லை". நீதிமன்ற அலுவலகத்தைக் கேட்டால் "செல் எங்கள் பொறுப்பு இல்லை". மூன்றும் உண்மையான பதில்கள். அந்த இடைவெளிக்குள் உங்கள் குரல் போகாது. உங்கள் ஆளோடு கூடப் போவது ஒரு பதிவு மட்டும்தான். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ, அதுதான் அன்று முழுக்க அவர்.

முதல் படி: வான் வருவதற்கு முன்னால்

அந்தப் பதிவை அங்கே வேலை செய்பவர்கள் "பெர்" என்பார்கள். முன்பு கடதாசிப் படிவம், இப்போது கணினியில். ஒருவரைக் காவலில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும்போதெல்லாம் இது கூடப் போகும். ஆபத்தானவரா, தன்னைத்தானே காயப்படுத்தக்கூடியவரா, என்ன வருத்தம், என்ன மருந்து, என்ன மொழி, எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு இறக்கினார்கள் எல்லாம் இதில் ஏறும்.

இதைப் பொலிஸ் நிலையத்தில்தான் நிரப்பத் தொடங்குகிறார்கள். ஆகவே நீங்கள் ஏதாவது செய்யக்கூடிய நேரம் கைதான அந்த இரவு. நீதிமன்றத்தில் வந்து நின்று அழுகிற நேரத்தில் அது பாதி முடிந்துபோயிருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் இலவச சட்டத்தரணி எல்லோருக்கும் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "சட்டத்தரணி வேண்டாம், சின்ன விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவே கூடாது. வழக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். உங்கள் குடும்பத்துக்கும் உள்ளே இருப்பவருக்கும் நடுவில் தகவல் கொண்டுபோகக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய பெயரையும் போன் நம்பரையும் முதலில் வாங்குங்கள்.

பிறகு அவரிடம் பின்வருவனவற்றைக் கஸ்டடி சார்ஜன்டிடம் (காவல் பகுதிக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி) சொல்லிப் பதியச் சொல்லுங்கள். சொன்னால் போதாது, "எழுதிவிட்டார்களா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மருந்து. சீனி வருத்தம், பிரஷர், வலிப்பு, மனநலக் குளிசை, எதுவானாலும். "ஏதோ வெள்ளைக் குளிசை" என்றால் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். பெயர், அளவு, எத்தனை வேளை என்று வேண்டும். மருந்துக்கடை லேபல் ஒட்டிய பெட்டியை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். குளிசையை உருவி வேறு டப்பாவில் போட்டுக் கொடுக்காதீர்கள். வானில் வரும் ஊழியர் மருத்துவர் இல்லை. பதிவில் இருப்பதையும் சீல் பண்ணிய பையில் வந்ததையும் வைத்துத்தான் அவர் எதையும் செய்ய முடியும்.

சாப்பாடு. மரக்கறி மட்டும் என்றால் அதைச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

மொழி. "கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும்" என்று எழுதவிடாதீர்கள். கடையில் சாமான் வாங்குகிற ஆங்கிலம் வேறு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து "எனக்கு நெஞ்சு நோகுது" என்று சொல்கிற ஆங்கிலம் வேறு. "தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று இருக்கட்டும்.

அடுத்ததுதான் கடினமானது. எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார்கள்: எப்போதாவது உங்களை நீங்களே காயப்படுத்த முயன்றிருக்கிறீர்களா? இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை தமிழில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எங்கள் ஆட்களின் பதில் அநேகமாக ஒன்றுதான்: "சீச்சீ, அப்படி ஒண்டும் இல்லை." ஒருமுறை அப்படிச் சொன்னவருடைய கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே குறுக்குக் கோடுகள். சார்ஜன்டும் பார்த்தார். திருப்பிக் கேட்டார். அவர் சேர்ட் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஊரில விழுந்தது" என்றார். நான் மொழிபெயர்த்தேன், எனக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்ய அனுமதி இல்லை.

வெட்கம், வழக்குக்குக் கெடுதல் வருமோ என்ற பயம், வதிவிட விண்ணப்பம் பாதிக்குமோ என்ற பயம். எல்லாம் புரிகிறது. ஆனால் ஊரில் தடுப்பில் இருந்தவர், அடி வாங்கியவர், இருட்டறையில் பூட்டப்பட்டவர் என்றால், அவரை விலங்கிட்டு ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்போது என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது. அதை அவர் சொல்லமாட்டார். வீட்டுக்காரர்தான் சட்டத்தரணிக்குச் சொல்ல வேண்டும். அது பதிவில் இருந்தால் அடிக்கடி வந்து பார்ப்பார்கள், தனியாக விடாமல் கவனிப்பார்கள்.

நகை. தாலிக்கொடி கழுத்தில் கிடக்கப் பொலிஸ் நிலையத்துக்கு வந்த ஒரு பெண், அதைக் கழற்றச் சொன்னதும் ஒடிந்துபோய்விட்டார். கழற்றினார். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நம்பர் உள்ள சீல் ஒன்றால் பூட்டினார்கள். அந்தப் பை வானில் நீதிமன்றம் போய், அங்கிருந்து சிறைக்குப் போய், மூன்று கை மாறியது. கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அந்த மூன்று வாரமும் அந்தக் குடும்பம் பட்ட பாடு வேண்டாம் உங்களுக்கு. நகை, கடவுச்சீட்டு, பெரிய காசு எதையும் வானில் ஏற்றவிடாதீர்கள். கைதானவர் சம்மதித்தால் பொலிஸ் நிலையத்திலேயே வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்குக்குச் சான்றாக எடுத்தது மட்டும் வராது.

இன்னொன்று, சின்னது போலத் தெரியும். கைபேசியை வாங்கிவிடுவார்கள். இந்தக் காலத்தில் மனைவியின் நம்பர்கூட யாருக்கும் மனப்பாடம் இல்லை. இரண்டு மூன்று நம்பர்களை ஒரு துண்டில் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்து உள்ளே சேர்க்கச் சொல்லுங்கள். இரவு சிறையில் போன் பண்ண விடும்போது அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

இரண்டாவது படி: எந்த நீதிமன்றம்?

குற்றம் பதிந்து, பிணை கொடுக்காமல் வைத்திருந்தால், அடுத்து நீதிமன்றம் கூடும் முதல் அமர்வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். வெள்ளி இரவு பிடித்தால் சனிக்கிழமை. சனி இரவு என்றால் திங்கள், ஏனென்றால் ஞாயிறு நீதிமன்றம் இல்லை. சனிக்கிழமை எல்லா நீதிமன்றமும் திறப்பதில்லை. வழக்கமாகப் போகிற பக்கத்து நீதிமன்றத்துக்கு ஓடிப்போய் பூட்டிய கதவைப் பார்த்து நிற்காதீர்கள். சட்டத்தரணியை அல்லது பொலிஸ் நிலையத்தின் காவல் பகுதியைக் கேளுங்கள்: "எந்த நீதிமன்றம்?" இந்த ஒரு கேள்வி போதும்.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நின்று வானை மறித்துப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வான் பின்பக்கத்தால் போகும். கண்ணாடி கறுப்பு. உள்ளே எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. நேரே நீதிமன்றத்துக்குப் போங்கள்.

மூன்றாவது படி: வானுக்குள்

நீங்கள் பார்க்க முடியாத இடம் என்பதால் சொல்கிறேன். நடுவில் ஒடுங்கிய நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு கடினமான இருக்கை, ஒரு சின்ன ஜன்னல். முழங்கால் முன்சுவரைத் தொடும். கழிப்பறை இல்லை. ஒரே வான் பல பொலிஸ் நிலையங்களுக்கும் பல நீதிமன்றங்களுக்கும் போய்ப் போய் ஏற்றி இறக்கும், அதனால் பத்து நிமிடத் தூரம் இரண்டு மணித்தியாலம் எடுக்கலாம். ஏறுவதற்கு முன்னால் கழிப்பறைக்குப் போகச் சொல்லுங்கள், தண்ணீர் கேட்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் காற்றும் சின்ன விஷயம் இல்லை. 2008 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில், பழங்குடிப் பெரியவர் ஒருவரை ஒரு தனியார் கம்பனியின் வானில் லாவர்ட்டனிலிருந்து கல்கூர்லிக்குக் கொண்டுபோனார்கள். பாலைவன வெயில், பின்பக்கத்தில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. வெப்பத்தாலேயே இறந்துபோனார். லண்டன் வெயில் அந்த வெயில் இல்லை, ஆனால் கோடையில் நெரிசலில் நிற்கும் வானுக்குள் சூடு ஏறும். சுகமில்லை என்றால் கதவைத் தட்டிச் சொல்லலாம், சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

நான்காவது படி: நீதிமன்றத்தில்

வாசலில் உங்கள் பையைச் சோதிப்பார்கள். உள்ளே போய், சுவரில் அன்றைய பட்டியலில் பெயரைத் தேடுங்கள். எங்கள் பெயர்கள் எழுத்து மாறி, முன்பின் மாறி இருக்கும். அப்பாவின் பெயரிலும் தேடிப் பாருங்கள். எந்த அறை என்று தெரிந்ததும் அந்த அறை வாசலில் நிற்கும் உதவியாளரிடம் "குடும்பம்" என்று சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பத்து மணி என்று இருக்கும். அதை நம்பி வேலைக்கு அரைநாள் லீவு மட்டும் எடுக்காதீர்கள். வான் பிந்தி வரலாம், சட்டத்தரணி இன்னும் கீழே போயிருக்கமாட்டார், மொழிபெயர்ப்பாளர் இன்னொரு நீதிமன்றத்தில் இருந்து வந்துகொண்டிருப்பார் (அது நானாகவும் இருக்கலாம்). பின்னேரம் ஆவது சர்வசாதாரணம்.

கீழே செல்லுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது. சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் போகலாம், குடும்பத்தை விடமாட்டார்கள். வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுக்கவும் முடியாது. கீழே மைக்ரோவேவில் சூடாக்கிய சாப்பாடு, கடதாசிக் கோப்பையில் தேநீர் கொடுப்பார்கள். ருசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. செல்லில் ஒரு நீள வாங்கு, நான்கு சுவர், கதவில் ஒரு சின்னத் திறப்பு. நாள் முழுக்க அதற்குள்தான்.

மாற்று உடுப்பு கொண்டுவந்தால் செல் ஊழியர் வாங்கலாம், வாங்காமல் விடலாம். அதை நம்பியிருக்காமல் முதல்நாளே பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

கூப்பிட்டதும் பார்வையாளர் பகுதியில் போய் இருங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உங்கள் ஆள் வருவார், பக்கத்தில் கம்பனி ஊழியர் இருப்பார். கூப்பிட்டுப் பேசாதீர்கள், கண்ணாடியில் கை வைக்காதீர்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். நீதிமன்றத்துக்குள் படம் எடுப்பது 1925 ஆம் ஆண்டிலிருந்தே இங்கே குற்றம். ஊரில் இருக்கிற அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் காட்டலாம் என்று தூக்கிப் பிடித்த ஒரு தம்பி, அண்ணனுக்குப் பிணை கேட்க வந்த இடத்தில் தானும் கீழே போகப் பார்த்தார்.

பிணை கேட்கும்போது நீதவானுக்கு வேண்டியது, இந்த ஆள் எங்கே தங்குவார், யாரோடு, திரும்பி வருவார் என்பதற்கு என்ன உறுதி என்பதே. விலாசம் கொடுக்கிற உறவினர் நேரில் இருந்தால் சட்டத்தரணிக்கு அது பெரிய உதவி. வாடகை ஒப்பந்தமோ மின்சார பில்லோ ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஐந்தாவது படி: பிணை கிடைத்தால்

கிடைத்ததும் கூண்டுக் கதவு திறந்து அப்படியே வெளியே வருவார் என்று நினைத்து எல்லோரும் எழும்புவார்கள். திரும்பவும் கீழேதான் கொண்டுபோவார்கள். நீதிமன்றத்தின் தாள் கீழே போக வேண்டும், வேறு எந்த வழக்கிலாவது வைத்திருக்க வேண்டியவரா என்று பார்க்க வேண்டும், பையின் சீலை உடைத்துச் சாமான்களை எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர் என்றால் அந்தச் சிறையையும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இவ்வளவு கவனத்துக்குக் காரணம் உண்டு. 2004 இல் ஸ்கொட்லாந்தில் ரிலையன்ஸ் என்ற கம்பனி இந்த வேலையைப் பொறுப்பெடுத்த புதிதில், கொலைக் குற்றவாளி ஒருவரையே ஹமில்டன் நீதிமன்றத்தில் தவறுதலாக வெளியே விட்டுவிட்டார்கள். எங்கே வந்து நிற்க வேண்டும் என்று உதவியாளரைக் கேளுங்கள். பல நீதிமன்றங்களில் அது முன்வாசல் இல்லை, பக்கக் கதவு.

நான் முதலில் சொன்ன அம்மாவின் மகன் அப்படி ஒரு பக்கக் கதவால்தான் வந்தார், பின்னேரம் நாலரைக்கு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காலில் நாடா இல்லாத சப்பாத்து; நாடா பைக்குள் இருந்தது. அம்மா அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை, திட்டவும் இல்லை. படியில் இருத்திவிட்டு, குனிந்து ஒவ்வொரு ஓட்டையாக நாடாவைக் கோத்துக் கொடுத்தார்.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. வதிவிட அனுமதி இல்லாதவர், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் என்றால், நீதவான் பிணை கொடுத்த பிறகும் வெளியே வராமல் போகலாம். ஹோம் ஒபிஸ் தன் அதிகாரத்தில் ஒரு தடுப்புத் தாளை அனுப்பியிருக்கும். குடும்பம் வாசலில் நிற்கும், உள்ளே இன்னொரு வானுக்காகக் காத்திருப்பார்கள். அந்த வானும் தனியாருடையதுதான், ஆனால் வேறு ஒப்பந்தம், வேறு கம்பனி: 2018 இலிருந்து குடிவரவுத் தடுப்பு ஆட்களைக் கொண்டுபோவது மைட்டி. போகும் இடம் ஹீத்ரோவுக்குப் பக்கத்து ஹார்மண்ட்ஸ்வேர்த், கோல்ன்புறூக், அல்லது கற்விக்குப் பக்கத்து புறூக் ஹவுஸ் போன்ற தடுப்பு நிலையங்களாக இருக்கலாம். குற்ற வழக்குச் சட்டத்தரணிக்கு அங்கே வேலை இல்லை. அன்றே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். அங்கே கேட்க வேண்டிய பிணை வேறு பிணை, வேறு நீதிமன்றம். இந்தச் சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் வழக்கு முடிவதற்கு முன்னாலேயே சட்டத்தரணியைக் கேட்டு வையுங்கள்.

ஆறாவது படி: விளக்கமறியல் என்றால்

பிணை கிடைக்காவிட்டால் கீழே கொண்டுபோய், மறுபடி வான். எந்தச் சிறை என்பது வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, அந்த நீதிமன்றம் எந்தச் சிறைக்கு அனுப்புகிறது, எங்கே இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லண்டன் ஆண்களுக்கு வான்ட்ஸ்வேர்த், பென்டன்வில், வேர்ம்வுட் ஸ்கிரப்ஸ், தேம்சைட், பெல்மார்ஷ். பெண்களுக்குப் பெரும்பாலும் சரே பக்கத்து ஆஷ்ஃபர்டில் உள்ள புறொன்ஸ்ஃபீல்ட். தேம்சைட் சிறையை நடத்துவதும் செர்கோதான்; வானிலும் சிறையிலும் ஒரே பெயரைக் கண்டு குழம்பாதீர்கள். சட்டத்தரணி கீழே போய் வரும்போது "எந்தச் சிறை?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

வான் மற்ற நீதிமன்றங்களின் வழக்குகள் முடியும்வரை நின்று ஏற்றிக்கொண்டு போகும். சிறைக்குள் எடுப்பது இரவு ஆகலாம். அன்று இரவே சிறைக்குப் போன் பண்ணி "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்டுத் தவிக்க வேண்டாம். ஆனால் ஒன்றுக்காகக் கட்டாயம் போன் பண்ணுங்கள்: அவர் உயிருக்கு ஏதும் செய்துகொள்வாரோ என்ற பயம் இருந்தால், அல்லது முக்கியமான மருந்து தவறிவிட்டால். அதைச் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். யாரோடு பேசினீர்கள், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள்.

உள்ளே போனதும் ஒரு போன் எடுக்க விடுவார்கள். பிறகு பேசுவதற்கு நம்பர்களைக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும், அதற்குச் சில நாள் போகும். தெரியாத நம்பர் என்று அன்று இரவு அழைப்பை வெட்டிவிடாதீர்கள்.

கைதி நம்பர் ஒன்று கொடுப்பார்கள்: ஓர் ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், பின்னால் இரண்டு எழுத்து. கடிதம், காசு, சந்திப்பு எல்லாவற்றுக்கும் இதுவும் பிறந்த திகதியும் வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் அரசாங்க இணையத்தளத்தில் கைதியைத் தேடும் சேவை இருக்கிறது. ஆனால் அவர் சம்மதித்தால்தான் பதில் சொல்வார்கள், அதற்கு நாளாகும். காசு அதே தளத்தில் வங்கி அட்டையால் அனுப்பலாம்.

தண்டனை இல்லாமல் விளக்கமறியலில் இருப்பவருக்குக் கிழமைக்கு மூன்று ஒரு மணித்தியாலச் சந்திப்புகள். தண்டனை பெற்றவருக்கு நான்கு கிழமைக்கு இரண்டு. முன்பதிவு இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் அநேகம். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் கைதிகளின் குடும்பங்களுக்கான இலவச உதவித் தொலைபேசி 0808 808 2003.

ஏழாவது படி: அடுத்த தவணை

அடுத்த தவணைக்கு வானில் கொண்டுவருவார்களா, சிறையிலிருந்தே வீடியோவில் தோன்றுவாரா என்று முதலே கேளுங்கள். வீடியோ என்றால் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால் திரையில் ஒரு முகம் தெரியும், அவ்வளவுதான்.

வான் என்றால் விடியற்காலையில் எழுப்பி, சோதனை போட்டு, காத்திருக்க வைத்து ஏற்றுவார்கள். பின்னேரம் அதே சிறைக்குத் திரும்பி வருவார் என்று உத்தரவாதம் இல்லை. அதனால்தான் பலர் சாமான்களையெல்லாம் கட்டிக்கொண்டு வருவார்கள். வராத சாமான் பழைய சிறையில் கிடந்து, பின்னால் வந்தாலும் வரும், தொலைந்தாலும் தொலையும். குடும்பப் படங்களின் மூலப் பிரதியை உள்ளே அனுப்பாதீர்கள், பிரதி எடுத்து அனுப்புங்கள்.

பிழை நடந்தால்

பிந்திக் கொண்டுவந்தார்கள், மருந்து கொடுக்கவில்லை, மரக்கறிக்காரருக்கு இறைச்சி கொடுத்தார்கள், விலங்கு கையை வெட்டிவிட்டது, பை காணவில்லை. எது நடந்தாலும் முதலில் அன்றே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அவர் நீதவானுக்கு முன்னால் எழும்பிச் சொன்னால், அது நீதிமன்றத்தின் காதுக்கே நேராகப் போகும். "என்னுடைய கட்சிக்காரர் காலையிலிருந்து இன்சுலின் எடுக்கவில்லை" என்று ஒரு சட்டத்தரணி சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் கீழே தாதியைக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வானையும் நீதிமன்றச் செல்களையும் பார்வையிடச் சுயாதீனமான பொதுமக்கள் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இவர்களை நியமிக்க வேண்டும் என்று 1991 சட்டத்திலேயே உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் திறக்கச் சொல்லிக் கைதியோடு பேசுவார்கள். இப்படி ஒருவர் வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எல்லாம் ஓகே" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம் என்று உங்கள் ஆளிடம் சொல்லி வையுங்கள்.

பிறகு எழுத்தில் முறைப்பாடு. கம்பனிக்கு எழுதி, அதன் பிரதியை நீதி அமைச்சுக்கும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்கு இங்கே பெறுமதி இல்லை, பதிவுக்குத்தான். அந்தப் பதிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2013 இல், கைதிகள் நீதிமன்றத்துக்குத் தயாராக இல்லாதபோதே தயார் என்று பதிந்திருக்கிறார்கள் என்று செர்கோவின் ஒப்பந்தத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்து, நீதி அமைச்சு அதைச் சிட்டி ஒஃப் லண்டன் பொலிசிடம் கொடுத்தது. அடுத்த வருடம், குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணையை மூடினார்கள். சரி பிழை அவர்களோடு இருக்கட்டும். உங்கள் கையில் உங்களுடைய கணக்கும் இருக்க வேண்டும்: ஒரு கொப்பியில் திகதி, மணி, பேசிய ஆள், சொன்ன பதில்.

பதிவின் பிரதியைச் சட்டத்தரணி மூலம் கேட்டு வாங்கலாம். பை தொலைந்த முறைப்பாடு என்றால் சீலின் நம்பரைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பொலிஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருக்கும்.